ஒரே நூலா, தனித்தனி முடிச்சா?

கேள்வி: இரைப்பைப் புண் ஓட்டையாகி என் கணவருக்கு நள்ளிரவில் அவசர ஆபரேஷன் செய்தார்கள். எட்டாம் நாள் இருமும்போது தையல் பிரிந்து, மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். இப்போது நலம். "ஒரே நூலில் ஓட்டித் தைத்ததால் வந்த வினை, தனித்தனியாக முடிச்சுப் போட்டிருந்தால் பிரிந்திருக்காது" என்கிறார், மருந்துக்கடை வைத்திருக்கும் என் கொழுந்தனார். உண்மையா டாக்டர்?
— ஒரு வாசகி, விருத்தாசலம்

பதில்: பாதி உண்மை அம்மா.

வெளியே தெரியும் தோல் தையலை விடுங்கள். வயிற்றைத் தாங்குவது அதற்கு அடியில், நடுவில் மேலிருந்து கீழே ஓடும் வெள்ளை நார்ப்பட்டை. அதை ஒரே நூலில் ஓட்டினால் இழுப்பு எங்கும் பரவும், வேலையும் சீக்கிரம் முடியும். விடியற்காலை மூன்று மணிக்கு, பிரஷர் இறங்கிக் கிடக்கும் நோயாளிக்கு அந்தச் சில நிமிடங்கள் பெரிது. ஆனால் நுனியிலுள்ள முடிச்சு அவிழ்ந்தால் மொத்தமும் தளரும். தனித்தனி முடிச்சில் ஒன்று போனாலும் அடுத்தது நிற்கும். சீழ் பிடித்த வயிற்றுக்கு நம் சர்ஜன்கள் சிலர் பெருக்கல் குறி போல எக்ஸ் தையல் போடுவது அதற்காகத்தான்.

ஆனால், நூல் அறுந்து பிரிந்த வயிற்றை நான் அதிகம் பார்த்ததில்லை. நூல் அப்படியே இருக்கும், சதைதான் கிழிந்திருக்கும். அவித்த முட்டையை நூல் போட்டு அறுப்பார்களே, அப்படி. படிக்கிற காலத்தில் ஒரு பெரியவருக்கு, இறுக்கினால் பலம் என்று நினைத்து, கயிற்றுக் கட்டில் மாதிரி இழுத்து முடிந்தேன். ஏழாம் நாள் கட்டுத்துணியில் இளஞ்சிவப்பாக நீர் ஊறியிருந்தது. பிரித்தால் குடல் எட்டிப் பார்க்கிறது. சலைனில் நனைத்த துணியால் மூடிக்கொண்டு ஓடினோம். உள்ளே என் முடிச்சுகளில் ஒன்றுகூட அவிழவில்லை. அத்தனையும் தனித்தனி முடிச்சுகள்! பெரியவர் பிழைத்துக்கொண்டார்; எனக்குத்தான் பல நாள் தூக்கம் வரவில்லை.

அதன் பிறகுதான் ஜென்கின்ஸ் என்ற பிரிட்டிஷ் சர்ஜன் 1976-ல் எழுதிய கணக்கு எனக்கு உறைத்தது: ஓட்டித் தைக்கும்போது, காயத்தின் நீளத்தைப் போல நான்கு மடங்கு நூலாவது உள்ளே போக வேண்டும். 20 செ.மீ. காயத்துக்கு 80 செ.மீ. வயிறு உப்பினால் காயமும் நீளும். நூல் இடம் கொடுக்காவிட்டால் சதை கிழியும். மீந்த நூலை சிஸ்டரிடம் வாங்கி ஸ்கேலில் அளப்பேன். தியேட்டரில் இதற்குக் கேலிதான்.

நெதர்லாந்தில் 560 பேரை வைத்து நடந்த ஆய்வு 2015-ல் வெளியானது. எல்லாருக்கும் ஒரே நூல் ஓட்டம்தான். 1 செ.மீ. விட்டுத் தைத்தவர்களில் 21 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குள் தழும்பில் குடலிறக்கம், 5 மி.மீ. விட்டு நெருக்கித் தைத்தவர்களில் 13 சதவீதம். ஆனால் அவை நாள் பார்த்துச் செய்த ஆபரேஷன்கள். சீழ் வயிற்றுக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ள நான் தயங்குவேன்.

உங்கள் கணவர் பீடி, சிகரெட் பிடிப்பவராக இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். இருமும்போது தழும்பில் புடைப்பு தெரிந்தால், ஆபரேஷன் செய்த சர்ஜனிடமே காட்டுங்கள்.