காலை 5.10க்கு வந்த பால் எந்த நாளில் விழும்?

கேள்வி: கிளிநொச்சியில் ஒரு பால் சங்கம் நடத்துகிறோம். கொப்பியில் எழுதிவந்த சேகரிப்புக் கணக்கைக் கைத்தொலைபேசிக்கு மாற்ற, ஊர்த் தம்பிமார் இருவர் ஒரு செயலி செய்து தந்திருக்கிறார்கள். எங்கள் முன்னாலேயே போட்டுக் காட்டினார்கள், வேலை செய்கிறது. இப்போது தரப் பரிசோதனைக்கென்று வேறொருவருக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டும் என்கிறார் குழுவில் ஒருவர். இது தேவைதானா? – சங்கச் செயலாளர்

பதில்: தேவைதான். தம்பிமாரின் திறமையைக் குறைத்து மதிப்பிட்டு இதைச் சொல்லவில்லை. தான் எழுதிய செயலியைத் திறக்கும்போது எந்தப் பட்டனை எப்போது தட்ட வேண்டும் என்று எழுதியவருக்குத் தெரியும், கை தானாகவே சரியான வழியில் போகும். உங்கள் சேகரிப்பாளர் விடியப்புறத்தில், ஈரக்கையோடு, பத்துப் பேர் வரிசையில் நிற்கும்போது தட்டப்போகிறார். அந்த நேரத்தில் கணக்கு எங்கே பிழையாகும் என்று முன்கூட்டியே தேடிப் பிடிப்பதுதான் தரப் பரிசோதனை.

உங்கள் செயலி என் கையில் கிடைத்தால் முதலில் நேரத்தைத்தான் சோதிப்பேன். பால் காலை ஐந்து மணிக்கே வரத் தொடங்கிவிடும் இல்லையா? செயலி அனுப்பும் கணக்கைச் சேமித்து வைக்கும் தூரத்துக் கணினிகளான சேர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் (UTC) ஓடுகின்றன. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னால் நிற்கிறது. ஆக, நமக்குக் காலை 5.30 ஆகும்போதுதான் அங்கே நள்ளிரவு தாண்டி அடுத்த நாள் பிறக்கிறது. இதைக் கவனிக்காமல் எழுதியிருந்தால், 1ஆம் திகதி காலை 5.10க்கு ஒரு அம்மா கொண்டுவந்த பால் முந்திய நாளில், போன மாதத்துக் கணக்கில் போய் விழும். 5.40க்கு வந்தவருடையது சரியாக இருக்கும். தம்பிமார் பகல் பத்து மணிக்கு அறையில் இருந்து போட்டுப் பார்த்தால் இந்தப் பிழை ஒருநாளும் கண்ணில் படாது. வேறொரு இடத்தில் வேலையாட்களின் வருகைப் பதிவில் இதே பிழையைக் கண்டிருக்கிறேன். விடியவே வேலைக்கு வந்தவர்களுக்குத்தான் அங்கே சம்பளத்தில் ஒரு நாள் குறைந்தது. எனக்கு அது இன்றைக்கும் மனதில் உறுத்துகிறது.

அடுத்தது சிக்னல். விட்டுவிட்டுச் சிக்னல் கிடைக்கும் உங்கள் நிலையம் எதுவோ, அங்கே போய்ச் சோதிக்க வேண்டும். சேகரிப்பாளர் எட்டு லீற்றர் என்று போட்டுச் 'சேமி' தட்டுகிறார், திரை சுற்றிக்கொண்டே நிற்கிறது, பொறுமை போய் மறுபடி தட்டுகிறார். கணக்கில் எட்டா, பதினாறா? ஒவ்வொரு பதிவுக்கும் தொலைபேசியிலேயே ஒரு தனி இலக்கம் கொடுத்துவிட்டால், அதே பதிவு இரண்டாம் முறை வந்தாலும் சேர்வர் அடையாளம் கண்டு, மறுபடி கூட்டாமல் விட்டுவிடும். தம்பிமாரிடம் இதைக் கேளுங்கள், உடனே விளங்கிக்கொள்வார்கள்.

பாலை நிறுத்து எடுக்கிறீர்களா, அளந்து எடுக்கிறீர்களா? ஒரு லீற்றர் பால் ஏறத்தாழ 1.03 கிலோ. தராசு கிலோவில் காட்ட, செயலி அதை லீற்றராக எடுத்துக்கொண்டால் 20 லீற்றர் பால் 20.6 ஆகிவிடும். சங்கத்துக்கு நட்டம். மறுபக்கமாகப் பிழையானால் பண்ணையாளருக்கு நட்டம். 1999 செப்டெம்பரில் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஓர்பிட்டர் விண்கலம் செவ்வாய்க் கோளில் அழிந்ததும் இப்படியோர் அலகுக் குழப்பத்தால்தான்: ஒரு மென்பொருள் பவுண்டுக் கணக்கில் கொடுத்த உந்துதலை மற்றது நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது. கொழுப்பும் கொழுப்பற்ற திண்மமும் பார்த்து விலை போடுகிறீர்கள் என்றால் தசமங்கள் இன்னும் கூடும். பத்துப் பேரின் கணக்கைக் கையால் போட்டு, சதம் வரை ஒத்துப் பாருங்கள்.

தமிழ்ப் பெயர்களிலும் சிக்கல் வரும். 'கிளிநொச்சி' நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு, கொம்பும் விசிறியும் புள்ளியும் தனித்தனி என்பதால் பத்து. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் வழக்கமான யூடிஎஃப்-8 முறையில் அது முப்பது பைட் இடம் பிடிக்கும். பெயருக்கு இடத்தைக் குறைவாக ஒதுக்கியிருந்தால் நீளமான பெயர்கள் பாதியில் வெட்டுப்படும். பண்ணையாளருக்குத் தமிழில் எஸ்எம்எஸ் அனுப்பினாலும் இதே கணக்குத்தான்: ஆங்கிலத்தில் 160 எழுத்துக்கு ஒரு செய்தி, தமிழில் 70க்கே ஒன்று முடிந்துவிடும். அதைத் தாண்டினால் இரண்டு செய்திக்குக் காசு. அப்புறம் அடையாள அட்டை: பழையதில் 9 இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும், 2016 முதல் வந்ததில் 12 இலக்கம். இரண்டையும் ஏற்கிறதா என்று பாருங்கள். உங்கள் பண்ணையாளர்களில் வயதானவர்கள் பழைய அட்டையோடுதான் வருவார்கள்.

சரி, செலவு. பெரிய நிறுவனம் எதையும் பிடிக்க வேண்டாம். அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. வவுனியா வளாகமும் 2021இல் தனிப் பல்கலைக்கழகம் ஆகிவிட்டது. கணினி படிக்கும் பிள்ளை ஒருவரைச் சில நாட்களுக்குக் கூலி கொடுத்து எடுங்கள். செயலியை எழுதியவர்களின் நெருங்கிய கூட்டாளியாக இருக்க வேண்டாம், குறை சொல்ல மனம் வராது. அவர் கண்ட ஒவ்வொரு பிழைக்கும் நாலு விடயம் எழுத வேண்டும்: என்ன செய்தேன், என்ன வர வேண்டும், என்ன வந்தது, எந்தத் தொலைபேசியில் எத்தனை மணிக்கு என்ற விபரம். 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதினால் யாராலும் திருத்த முடியாது. ஒன்றைத் திருத்தியதும் பழைய சோதனைகளை மறுபடி முழுதாகச் செய்ய வேண்டும், ஏனென்றால் ஒரு திருத்தம் இன்னொன்றைக் குழப்புவது அடிக்கடி நடக்கும். எல்லாத் திரைக்கும் தானியங்கிச் சோதனை, அதாவது ஆள் இல்லாமல் கணினியே சோதித்துப் பார்க்கும் நிரல், எழுதக் காசு செலவழிக்காதீர்கள். பணம் கணக்கிடும் பகுதிக்கு மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

கூடவே, ஒரு கொடுப்பனவுக் காலம் முழுக்கக் கொப்பியும் செயலியும் ஒன்றாக ஓடட்டும், மாத முடிவும் அதற்குள் வரட்டும். தம்பிமார் பிளே ஸ்டோரில் புதிதாகத் தனிநபர் கணக்குத் திறந்து செயலியை வெளியிடப் போகிறார்கள் என்றால், 12 பேரைக் கொண்டு தொடர்ந்து 14 நாள் சோதிக்க வேண்டும் என்று கூகுளே கேட்கிறது. அந்தப் பன்னிரண்டு பேராக உங்கள் சேகரிப்பாளர்களையும், தொலைபேசி பாவிக்கத் தடுமாறும் பண்ணையாளர் இரண்டு மூன்று பேரையும் போடுங்கள்.

அதற்கு முன்னால், எழுதிய தம்பிமார் இருவரையும் ஒரு நாள் காலை நாலேமுக்காலுக்கு நிலையத்துக்கு வரச் சொல்லுங்கள். தொலைபேசி சேகரிப்பாளரின் கையில் இருக்கட்டும், அவர்கள் பக்கத்தில் பேசாமல் நின்று பார்க்கட்டும். 5.30க்கு முன் வந்த பாலையும் பின் வந்த பாலையும் கொப்பியோடு அங்கேயே ஒத்துப் பார்த்துவிட்டு, எத்தனை நாள் சோதனைக்குக் காசு ஒதுக்குவது என்று குழுவில் பேசுங்கள்.