இருபதுகளில் பி.பி.: கேளுங்கள், டாக்டர் சொல்கிறேன்

கேள்வி: வயது 27. தாத்தா, அப்பா, பெரியப்பா எல்லோருக்கும் பி.பி. எனக்கும் வந்தே தீருமா?

வந்தே தீரும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆளுக்கு ஆள் ரத்த அழுத்தம் மாறுவதில் சுமார் 30 முதல் 50 சதவீதம் பரம்பரையின் பங்கு. ஒற்றை ஜீன் இல்லை. நூற்றுக்கணக்கானவை, ஒவ்வொன்றும் துளித்துளியாக ஏற்றிவிடும். ஆனால் அப்பாவிடமிருந்து ஜீன் மட்டுமா வந்தது? அதே ஊறுகாய் ஜாடி, அதே அப்பளம், அதே தொப்பை. இந்தப் பாதி உங்கள் கையில். ஆண்டுக்கொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஜிம் முடித்ததும் பார்த்தேன், 142/90. மாத்திரை போடணுமா?

அந்தக் கணக்கு செல்லாது. ஐந்து நிமிடம் பேசாமல் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்துப் பாருங்கள். காபி குடித்து அரை மணியாவது ஆகியிருக்க வேண்டும். பருத்த கைக்குக் கருவியின் சின்னப் பட்டையைக் கட்டினால் அளவு அதிகமாகத்தான் காட்டும். ஒரு வாரம் காலை மாலை குறித்து வையுங்கள். சராசரி 135/85-ஐ எட்டினால் டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: நாங்கள் இந்துப்புதான் போடுகிறோம், பயமில்லையே?

இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான்.

அவரே: அதில் 84 தாதுக்கள் இருக்கிறதாமே!

இருக்கட்டும், எல்லாம் துணுக்களவு. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு மொத்த உப்பு 5 கிராமுக்குள், கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன். ரோஸ் நிறத்துக்குச் சலுகை கிடையாது. அயோடின் சேர்க்காததை வாங்கினால் அதுவும் நஷ்டம்.

இன்னொருவர்: பொட்டாசியம் கலந்த உப்பு?

இது நல்ல கேள்வி. கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைச் சீனக் கிராமங்களில் கொடுத்துப் பார்த்தார்கள். பக்கவாதம் குறைந்தது என்று 2021-ல் முடிவு வந்தது. ஆனால் சேர்ந்தவர்கள் ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள், அல்லது பி.பி. உள்ள முதியவர்கள். கிட்னி கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

கேள்வி: ஆபீஸ் கேம்ப்பில் 138/86. மாத்திரை?

ஜிம்காரருக்குச் சொன்னதே.

கேள்வி: தங்கைக்கு 24. மூன்று மாத்திரை போட்டும் 160/100. வீட்டில் வேறு யாருக்கும் இல்லை.

இவரைத்தான் உடனே பார்க்க வேண்டும். இந்த வயதில் இப்படி என்றால் உப்பின் மேல் பழி போட்டுவிட்டு உட்காரக்கூடாது. கிட்னிக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கியிருக்கலாம், கிட்னிக்கு மேலிருக்கும் அட்ரீனல் சுரப்பி, உப்பை உடம்பில் தேக்கும் ஆல்டோஸ்டிரோன் ஹார்மோனை அதிகம் சுரக்கலாம். இரண்டு கையிலும் காலிலும் அழுத்தம் பார்த்தார்களா? கருத்தடை மாத்திரை, வலி மாத்திரை, அதிமதுரக் கஷாயம் ஏதாவது உண்டா? எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள். போட்டுவரும் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: கறுப்பு உப்பு பரவாயில்லையா டாக்டர்?

அதுவும் உப்புதான். அடுத்தவர்.