அந்த நோட்டீஸை அனுப்பாதீர்கள்

கேள்வி: நாமக்கல்லில் ஒரே ஒரு பன்னிரண்டு சக்கர லாரி வைத்துப் பிழைக்கிறேன். ஹெட்லைட் மங்கிப் போனதால், கடைக்காரர் பேச்சை நம்பி எல்இடி பல்பு போட்டேன். இரண்டே மாதத்தில், உளுந்தூர்பேட்டை அருகே ராத்திரி 2 மணிக்கு, என் ஓட்டுநர் ஓட்டிப் போகும்போது, ரோட்டில் நின்றிருந்த டிப்பரின் பின்னால் வண்டி மோதிவிட்டது. யாருக்கும் காயமில்லை. இன்ஷூரன்ஸுக்காகப் பார்க்க வந்த சர்வேயர் சேதத்தை 6,40,000 ரூபாய் என்று போட்டார், அதுவும் மரியாதையில்லாமல் பேசிவிட்டு. இப்போது, அனுமதியில்லாமல் விளக்கை மாற்றியதற்கு விளக்கம் கேட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனி கடிதம் அனுப்பியிருக்கிறது. ஏஜென்ட் 60 சதவீதத்துக்கு முடித்துத் தருகிறேன் என்கிறார். ரோட்டில் பாதி லாரி எல்இடியில்தான் ஓடுகிறது, எனக்கு மட்டும் ஏன் இந்தத் தண்டனை? கடைக்காரருக்கு வக்கீல் நோட்டீஸ் எழுதி வைத்திருக்கிறேன், அதன் நகலையும் ஓட்டுநர் போலீஸில் சொன்னதன் நகலையும் இணைத்துள்ளேன். பழைய பல்பையே திரும்ப மாட்டிவிடலாம் என்கிறார் மெக்கானிக். என்ன செய்யட்டும்?

பதில்: சர்வேயர் எப்படிப் பேசினார், மற்ற லாரிகளில் என்ன எரிகிறது என்பதையெல்லாம் யாரும் கேட்கப் போவதில்லை. கேட்கப் போவது ஒன்றுதான்: அந்த விளக்கால்தான் மோதல் நடந்ததா?

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவைக் காட்டி மிரட்டுவார்கள். அந்தப் பிரிவு பேசுவது ஆர்.சி.யில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழில், உள்ள விவரங்கள் மாறுவதைப் பற்றி, உங்கள் ஆர்.சி.யில் ஹெட்லைட் பற்றி ஒரு வரியும் கிடையாது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4) வேறு கதை. விதிக்குப் புறம்பான மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆனாலும் விளக்கை மாற்றியது தப்பு என்பதும், அந்தத் தப்பால்தான் வண்டி மோதியது என்பதும் வேறு வேறு. இரண்டாவதை இன்ஷூரன்ஸ் கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும்.

அவர்களுக்கு அந்த வேலையே இல்லாமல் செய்கிறது நீங்கள் எழுதியிருக்கும் நோட்டீஸ். மூன்றாவது பத்தியைப் படித்துப் பாருங்கள்: "தாங்கள் விற்ற விளக்கின் ஒளி சிதறியதால் முன்னால் நின்ற வண்டி ஓட்டுநருக்குத் தெரியவில்லை." கடைக்காரரைப் பிடிக்க வேண்டும் என்ற கோபத்தில் எழுதிவிட்டீர்கள், புரிகிறது. அந்த ஒரு வரி கம்பெனி வக்கீல் கைக்குப் போனால் அவர் வேறு சாட்சியே தேட மாட்டார். கடைக்காரரிடமிருந்து பல்பு விலை வரும், அதிகம் போனால் இன்னும் கொஞ்சம். அதற்காக ஆறு லட்சத்தைக் காவு கொடுப்பதா? நீங்கள் அன்று வண்டியிலும் இல்லை. போலீஸில் ஓட்டுநர் சொன்னது, டிப்பரில் பின்விளக்கு எரியவில்லை என்பது. நிற்கும் வண்டிக்கும் பின்னால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 109. பதில் கடிதம் அதைச் சுற்றியே இருக்கட்டும். ஓட்டுநரைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். விளக்குதான் காரணம் என்று அவரே சொன்னால் பொய் எழுதாதீர்கள், பேரத்தைச் சீக்கிரம் முடியுங்கள்.

அப்புறம் மெக்கானிக் சொன்ன யோசனை. இதே யோசனையைக் கேட்ட ஒரு கட்சிக்காரர் எனக்கு இருந்தார். எல்இடியைக் கழற்றி 24 வோல்ட் 75/70 வாட் ஹாலஜன் (பழைய வகை இழை பல்பு) மாட்டிவிட்டு, "கம்பெனி பல்புதான்" என்று எழுதியும் கொடுத்துவிட்டார். எல்இடி பல்பின் பின்னால் ஒரு குட்டி விசிறி இருக்கும். அது இடிக்கும் என்று ஹெட்லைட்டின் ரப்பர் மூடியைக் கத்தரித்திருந்தார்கள். புது ஹாலஜன், கத்தரித்த பழைய மூடி. விபத்து நடந்த இடத்திலேயே எடுத்த ஸ்பாட் சர்வே போட்டோவிலோ விசிறியே தெரிந்தது. அதோடு பேச்சு விளக்கை விட்டு நகர்ந்து, பொய் சொன்ன ஆள் என்பதில் வந்து நின்றது. ஒரு ரூபாய் வரவில்லை. போலீஸ் வழக்கு இருக்கும்போது இப்படிச் செய்தால் தடயத்தை மறைத்த குற்றமும் சேரும். ரிப்பேர் முடியும்போது சர்வேயருக்குத் தெரிவித்தே கழற்றுங்கள். கழற்றியதைத் தூக்கிப் போடாதீர்கள்.

இனி மாட்டுவதற்கு, ஹாலஜனுக்கென்று வார்த்த ரிஃப்ளெக்டருக்குள் எல்இடி பல்பு வேண்டவே வேண்டாம். இழை இருக்க வேண்டிய புள்ளியில் சிப் சரியாக உட்காராது, லோ பீமும் மேலே அடிக்கும். விதி 106 தடுப்பது அந்தக் கண்கூச்சத்தைத்தான். எல்இடிதான் வேண்டுமென்றால் ஒப்புதல் எண் பொறித்த முழு ஹெட்லைட்டாக வாங்கி, பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

சரி, பணம். 60 சதவீதம் என்றால் 3,84,000. அதற்கு ஒத்துக்கொள்ள வேண்டாம். பாலிசி நிபந்தனை மீறப்பட்டாலும் கிளெய்மை அடியோடு மறுக்க முடியாது என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 2010-இல் அமலேந்து சாஹூ வழக்கில் வந்தது. இப்படிப்பட்ட மீறலுக்கு 75 சதவீதம் வரை கொடுக்கலாம் என்ற வழிமுறையை அதில் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். அதைக் காட்டி 4,80,000 கேளுங்கள். கொடுத்தால் வாங்கிக்கொண்டு வண்டியை ரோட்டில் ஏற்றுங்கள். மிச்சம் 1,60,000-க்காக நுகர்வோர் ஆணையத்துக்கு அலையும் நேரத்தில் உங்கள் வண்டிக் கடன் டியூ எத்தனை ஏறும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். மறுத்துவிட்டால் மட்டும் ஆணையம். இரண்டு வருஷக் கெடு.

கையெழுத்து போடும் முன் ஒன்று. "முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்" என்ற வவுச்சரில் தொகை எழுதும் இடம் காலியாக இருந்தால் பேனாவை எடுக்காதீர்கள். மிரட்டி வாங்கிய கையெழுத்து என்று பிறகு வாதாடலாம்தான், ஆனால் மிரட்டியதை நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில்.