புது கார்டு போட்டதும் காணாமல் போன எஸ்எஸ்டி

கூடுதல் யூஎஸ்பி போர்ட்டுகளுக்கான கார்டை மதர்போர்டின் கீழ் ஸ்லாட்டில் செருகியதிலிருந்து, இரண்டாவது எம்.2 எஸ்எஸ்டி (மதர்போர்டிலேயே நேரடியாகச் செருகும் சேமிப்பகம்) பயாஸிலேயே (விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை அமைப்புத் திரை) தெரியவில்லை என்கிறீர்கள். பயப்படாதீர்கள், எஸ்எஸ்டி கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. பல மதர்போர்டுகளில் அந்த ஸ்லாட்டும் எம்.2-வும் ஒரே பிசிஐஇ லேன்களை, அதாவது தரவு போகும் பாதைகளை, பங்கிட்டுக்கொள்கின்றன. ஒன்றில் கார்டு ஏறினால் மற்றது அணைந்துவிடும். டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டுப் பயனில்லை, விண்டோஸ் தொடங்கும் முன்பே நடக்கிற விஷயம் இது.

கணினியை அணைத்து, மின்கம்பியையும் பிடுங்கிவிட்டுக் கார்டை எடுத்துப் பாருங்கள். எஸ்எஸ்டி திரும்பத் தெரிந்தால் காரணம் இதுதான். அப்புறம் மதர்போர்டு கையேட்டில் எந்த ஸ்லாட் எதோடு பகிர்கிறது என்று பார்த்து, கார்டை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றுங்கள். எக்ஸ்1 கார்டு, அதாவது ஒரே லேன் பயன்படுத்தும் சின்ன கார்டு, நீளமான எக்ஸ்16 ஸ்லாட்டிலும் தாராளமாக வேலை செய்யும். சில போர்டுகளில், இரண்டில் எது இயங்கவேண்டும் என்று பயாஸிலேயே தேர்ந்தெடுக்கவும் முடியும்.