ஆங்கிலப் பாடவேளையின் முதல் ஐந்து நிமிடத்தில் மாணவர்களைப் பேசவும் எழுதவும் வைப்பது எப்படி?

பாளையங்கோட்டைப் பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளியில் பத்தாம் வகுப்பு மாணவர்கள் ஆங்கில வகுப்பில் வாய் திறப்பதில்லை, தொடக்கத்தில் என்ன பயிற்சி தரலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேள்வி அவர்கள் அறிந்த உலகத்திலிருந்து வர வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. 1843இல் திறக்கப்பட்ட நம் தாமிரபரணி ஆற்றுப் பாலத்தைச் சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தில் கட்டிக்கொடுத்ததைச் சொல்லி, ‘உங்களிடம் அவ்வளவு பணம் இருந்தால் ஊருக்கு எதைக் கட்டுவீர்கள், ஏன்?’ என்று கரும்பலகையில் ஆங்கிலத்தில் எழுதுங்கள். ஒரு நிமிடம் தனியே யோசித்து, இரண்டு நிமிடம் பக்கத்திலிருப்பவரிடம் பேசி, அதன்பிறகே வகுப்புக்குச் சொல்லட்டும். அமெரிக்கக் கல்வியாளர் பிராங்க் லைமன் 1981இல் முன்வைத்த இம்முறையில், கூச்சமுள்ள பிள்ளை முதலில் ஒரே ஒருவரிடம் பேசிப் பார்த்துவிடுவதால், எல்லோர் முன்னும் எழும்போது நடுக்கம் குறைந்திருக்கும். இடையில் தமிழ்ச் சொல் கலந்தால் தடுக்காதீர்கள். அந்தத் துணிச்சல்தான் நமக்கு இப்போது வேண்டியது.

எழுத்துப் பயிற்சிக்கு, தாமிரபரணிப் படித்துறையில் காலையில் கேட்கும் ஒலிகளைப் பற்றி மூன்று நிமிடம் பேனாவை நிறுத்தாமல் எழுதச் சொல்லலாம். அதற்கு மதிப்பெண்ணோ சிவப்பு மைத் திருத்தமோ வேண்டாம். எழுதிய செய்திக்கு மறுமொழியாக நீங்களும் ஓரிரு ஆங்கில வரிகள் எழுதிக் கொடுங்கள். பிள்ளைகள் அதைத் திரும்பத் திரும்பப் படிப்பார்கள்.