குற்றப்பத்திரிகையில் பெயர் இல்லாதவருக்கு விசாரணை நடுவில் சம்மன் அனுப்ப இந்திய நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டா?

ஊரில் நடந்த நிலத்தகராறு அடிதடி வழக்கில், போலீஸ் விசாரித்து உங்கள் தம்பியின் பெயரை நீக்கிவிட்டது. இப்போது சாட்சி ஒருவர் கூண்டில் ஏறி அவர் பெயரைச் சொன்னதும் தமிழ்நாட்டு அமர்வு நீதிமன்றம் பினாங்கில் இருப்பவருக்குச் சம்மன் போட்டிருக்கிறது. இது செல்லுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சம்மன் போட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, அக்கா. ஜார்ஜ்டவுனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஊர் வழக்குக் கட்டோடு வருகிறவர்கள் பலர் இதே திகைப்போடுதான் வருகிறார்கள்.

திகைப்பில் நியாயம் உண்டு. மலேசியாவில் யார் மீது வழக்குத் தொடுப்பது என்பது, கூட்டரசு அரசியலமைப்பின் 145(3) பிரிவின்படி, சட்டத்துறைத் தலைவரின் விருப்புரிமை. இந்தியாவிலோ 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 319ஆவது பிரிவு, வழக்கை விசாரிக்கும் நீதிபதிக்கே ஓர் அதிகாரம் தந்திருக்கிறது. வேறொருவரும் குற்றம் செய்திருப்பதாகச் சாட்சியத்தில் தெரிந்தால், ஏற்கெனவே நிற்கிற எதிரிகளோடு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களோடு, அவரையும் நிறுத்தலாம். போலீஸ் விட்டுவிட்டது என்பது அதற்குத் தடையில்லை. (2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் இது 358ஆவது பிரிவு.)

ஆனால் பெயரைச் சொன்னால் மட்டும் போதாது. ஹர்தீப் சிங் வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அளவுகோலை வகுத்தது. குறுக்கு விசாரணை முடியும்வரை காத்திருக்க வேண்டாம், சாட்சியை அழைத்த தரப்பே கேள்வி கேட்கும் முதல் விசாரணையில் வந்த சாட்சியமே போதும் என்றது. இது உங்களுக்குப் பாதகம். அதே தீர்ப்பு, குற்றச்சாட்டு வனையும்போது பார்ப்பதைவிட வலுவான சான்று வேண்டும் என்றும், இந்த அதிகாரத்தை அரிதாகவே பயன்படுத்த வேண்டும் என்றும் சொன்னது. நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது இதை.

உங்கள் தம்பிக்கு இன்னும் நெருக்கமானது 2017இல் வந்த பிரிஜேந்திர சிங் தீர்ப்பு. அந்த வழக்கில் இப்படிச் சம்மன் பெற்றவர்கள் சம்பவ நேரத்தில் ஜெய்ப்பூரில் இருந்தார்கள் என்று போலீஸ் ஆதாரங்களோடு கண்டறிந்திருந்தது. புகார்தாரர் தரப்போ பழைய கதையையே கூண்டில் திரும்பச் சொன்னது. விசாரணை நீதிமன்றம் அந்த ஆதாரங்களைப் பார்க்காமலே சம்மன் அனுப்பியது தவறு என்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆகவே தம்பியின் கடப்பிதழை எடுத்துச் சம்பவ நாளைச் சுற்றியுள்ள குடிநுழைவு முத்திரைகளைப் பாருங்கள். அவை போலீஸ் கோப்பில் ஏற்கெனவே இருந்தனவா என்பதுதான் முக்கியம். இப்போது புதிதாக நீட்டினால், விசாரணையில் நிரூபித்துக்கொள் என்று சொல்லிவிட வாய்ப்பு அதிகம்.

சம்மனை இழுப்பறையில் போட்டு வைக்காதீர்கள். அடுத்தது பிடியாணைதான், அதற்குப் பிறகு ஊர்ப் பக்கம் கால் வைப்பதே சிக்கலாகும். சாட்சி வாக்குமூலத்தின் சான்றிட்ட நகலை வாங்கி, உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு போட அங்கே ஒரு வழக்கறிஞரை அமர்த்துங்கள். சம்மன் நிலைத்தாலும், தம்பியைப் பொறுத்தவரை விசாரணை முதலிலிருந்தே தொடங்க வேண்டும், சாட்சிகளையும் மீண்டும் விசாரிக்க வேண்டும்.

ஒன்று கேட்க வேண்டும்: மற்ற எதிரிகளின் வழக்கு முடிந்துவிட்டதா? விடுதலை என்றால் அந்தத் தீர்ப்புக்கு முன்பும், தண்டனை என்றால் தண்டனையை அறிவிப்பதற்கு முன்பும் சம்மன் உத்தரவு பிறந்திருக்க வேண்டும் என்று 2022இல் சுக்பால் சிங் கைரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சம்மன் உத்தரவின் தேதி, அந்தத் தீர்ப்பு அல்லது தண்டனையின் தேதி இரண்டையும் பார்த்து எழுதுங்கள்.