குமுளித் தம்பிக்கு: டாக் நின்று போவதும் இரைச்சலும்

தம்பி, லேப்டாப்பில் ஹப் (ஒரு யூஎஸ்பி துளையைப் பலவாக்கும் பெட்டி) வழியாக டாக் (DAC, டிஜிட்டல் பாட்டை ஸ்பீக்கருக்கான ஒலி சிக்னலாக மாற்றும் கருவி) மாட்டினால் பத்து நிமிடத்தில் பாட்டு நின்றுவிடுகிறது, சார்ஜர் போட்டால் ஸ்பீக்கரில் இரைச்சல் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டும் வேறு வேறு கோளாறு.

நிற்பதற்கு ஹப் மேல்தான் எனக்குச் சந்தேகம். யூஎஸ்பி 2.0 துளை 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர் வரை தரும். அடாப்டர் இல்லாத ஹப் அதைப் பங்கு போட்டு, விதிப்படி ஒரு துளைக்கு 100 மில்லி ஆம்பியர்தான் தரும். டாக்கை நேராக லேப்டாப்பில் மாட்டுங்கள். அப்படியும் நின்றால், விண்டோஸ் பவர் அமைப்பில் 'யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' (மின்சாரம் மிச்சம் பிடிக்க யூஎஸ்பி கருவியைத் தூங்க வைக்கும் வசதி) என்பதை அணைத்துவிடுங்கள். கம்பத்தில் என் வீட்டிலும் இதே தொல்லை. அடாப்டருடன் வரும் ஹப் வாங்கியதும் டாக்கின் பச்சை விளக்கு சிமிட்டாமல் எரிந்தது.

அப்புறம் இரைச்சல். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் அது பெரும்பாலும் எர்த் சுற்று (கிரவுண்ட் லூப்), அதாவது இரண்டு கருவிகளின் எர்த் இணைப்புகள் வழியே மின்சாரம் சுற்றி வருவது. லேப்டாப்பையும் ஆம்பிளிஃபயரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டுங்கள். போகவில்லை என்றால் டாக்குக்கும் ஆம்பிளிஃபயருக்கும் நடுவே அந்தச் சுற்றைத் துண்டிக்கும் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் போடலாம். யார் சொன்னாலும் பிளக்கின் எர்த் முள்ளை மட்டும் வெட்டிவிடாதீர்கள் தம்பி, உயிருக்கே ஆபத்து.

பேட்டரியில் ஓட்டியபோது என்ன ஆனது என்று எழுதுங்கள்.